1729 கதை நடந்த இடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் என் வாட்ஸப்பில் ராமானுஜன் வந்து குவிகிறார். பாதிக்கு மேல் 1729 கதைதான். ஹார்டி டாக்சியில் வந்தார், வண்டி எண் 1729, சுவாரசியம் இல்லாத எண் என்றார். ராமானுஜன் உடனே மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு மாணவன்கூட நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பான். நல்ல கதை, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அது நடந்த இடத்தை யாரும் கேட்பதில்லை. லண்டனை ஒட்டிய புட்னியில், நோயாளிகள் தங்கும் ஒரு விடுதி. ராமானுஜன் படுக்கையில் இருந்தார். ஹார்டியின் நண்பர் சி.பி.ஸ்னோ இதைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைச் சொல்கிறார். ஹார்டிக்கு எப்போதுமே பேச்சைத் தொடங்கத் தெரியாது. உள்ளே வந்தவர் அனேகமாக முகமன்கூடச் சொல்லாமல் டாக்சி எண்ணைத்தான் முதலில் சொல்லியிருப்பார் என்று. நோயாளியைப் பார்க்கப் போனால் நாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவோம். அவர் ஓர் எண்ணைக் கொண்டு போனார்.

அந்தப் படுக்கைக்கு ராமானுஜன் வந்து சேர்ந்த வழியைத்தான் இன்று எழுத நினைக்கிறேன். "காசநோய், குளிர், சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பாடப்புத்தகத்துக்கு அது போதும். உடம்போடு கூடவே அவர் மனமும் உடைந்தது என்பதை நாம் ஏனோ பேசுவதில்லை.

அவர் கேம்பிரிட்ஜில் இருந்த நிலையை இன்றைய வார்த்தையில் சொன்னால், அவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு தந்தது. துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தவருக்கு அது பெரிய பணம். ஆக, வறுமை அவரை உடைக்கவில்லை. பணம் வந்துவிட்டால் ஆராய்ச்சி மாணவனுக்கு வேறென்ன கவலை என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த நான்காவது மாதம் முதல் உலகப் போர் தொடங்கியது. டிரினிட்டியின் ஒரு பகுதி ராணுவ மருத்துவமனை ஆனது. ஹார்டிக்கு அடுத்தபடியாக ராமானுஜனின் கணக்கைப் புரிந்துகொண்ட லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குக் கணக்குப் போடப் போய்விட்டார். மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். கடலில் நீர்மூழ்கிகள் திரிந்ததால் ஊர் திரும்பும் பேச்சும் நின்றது. மிஞ்சியவர் ஹார்டி ஒருவர்தான்.

ராமானுஜன் தானே சமைத்தார், பல நாள் ஒருவேளை மட்டும். தொடர்ந்து 30 மணி நேரம் உழைப்பது, பிறகு 20 மணி நேரம் தூங்குவது என்று நாள் கணக்கே குழம்பியது. பின்னாளில் புள்ளியியல் மேதையாக அறியப்பட்ட மஹலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனபோது, மேல்கோட்டு போட்டு, சால்வை சுற்றி, குளிரில் தூங்குவதாகக் கேள்விப்பட்டார். பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்தபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நாளும் அவர் தினமும் காலையில் யாரையாவது பார்த்திருப்பார்தானே? "ராத்திரி தூங்கினாயா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டர்ஜி என்ற நண்பருக்கும் அவர் மணக்க இருந்த பெண்ணுக்கும் ராமானுஜன் விருந்து வைத்தார். கையால் சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது முறை போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. கீழே விசாரித்தால் டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்றார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுண்டு அனுப்பும்படி. திரும்பி வந்தவர், தான் பரிமாறியதை வேண்டாம் என்றது அவமானமாகப் போய்விட்டது என்றார். இதற்கு முன்பும் இப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. 1905-ல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தபோது வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். மனம் தாங்காதபோது இடத்தைவிட்டே போய்விடும் பிள்ளை. நம் வகுப்புகளிலும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறோம்.

ஊரிலிருந்து கடிதங்கள் குறைந்தன. ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் போகவிடவில்லை என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் அஞ்சல் பெட்டி. அதற்கு ஆறாயிரம் மைலுக்கு அப்பால், மனைவி ஏன் எழுதவில்லை என்று யோசிக்கும் ஒரு மனிதன். வீட்டில் சிக்கல் இருக்கிறது என்பது ஹார்டிக்கு வெகுநாள் கழித்தே தெரியவந்தது.

1917-ல் உடம்பு விழுந்தது. ஒரு மருத்துவ விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதே அக்டோபரில் டிரினிட்டி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. 1918-ன் தொடக்கத்தில் ஒருநாள், லண்டன் பாதாள ரயில் நிலையத்தில், ராமானுஜன் தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். நிலையக் காவலர் ஒருவரின் சமயோசிதத்தால் காப்பாற்றப்பட்டார். அந்தக் காவலரின் பெயர் வரலாற்றில் இல்லை. ராமானுஜனின் கடைசி நோட்டுப் புத்தகத்துக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

தற்கொலை முயற்சி அன்று இங்கிலாந்தில் குற்றம். 1961-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. போலீஸ் பிடித்துப்போனது. ஹார்டி ஓடிவந்து, இவர் ராயல் சொசைட்டி ஃபெலோ, இவரைக் கைது செய்யக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டார். அந்த நாளில் ராமானுஜன் ஃபெலோ ஆகியிருக்கவில்லை. அந்த மே மாதம்தான் ஆனார். விட்டுவிட்டார்கள். ஹார்டி இதைப் பல ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் இருந்த நம் எஸ்.சந்திரசேகரிடம் சொன்னார். அவர் மூலமாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோஷிப் மறுபடி தேர்வுக்கு வந்தபோது, அவர் புத்தி தெளிவாக இருக்கிறதா என்ற பேச்சும் கிளம்பியது. லிட்டில்வுட் தரப்பு இரண்டு டாக்டர் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாட வேண்டியிருந்தது. ராயல் சொசைட்டி ஃபெலோவுக்கு!

ஹார்டி கெட்டவரா? இல்லவே இல்லை. ராமானுஜனைக் கண்டெடுத்தவர், காப்பாற்றியவர், அவருக்காக எல்லோரிடமும் சண்டை போட்டவர். ஆனால் 1940-ல் வந்த தன் 'ராமானுஜன்' நூலில் அவரே ஒன்றை எழுதுகிறார். பல ஆண்டுகள் அனேகமாகத் தினமும் ராமானுஜனைப் பார்த்துப் பேசினார். இன்ன புத்தகம் படித்தாயா, இது எப்படித் தோன்றியது என்று கேட்டிருக்கலாம். ஆனால் தினம் அரை டஜன் புதுத் தேற்றங்களைக் காட்டுகிறவரிடம் அதையெல்லாம் கேட்பது அபத்தமாகப்பட்டதாம். கணக்கைப் பற்றிய கேள்விக்கே இந்தக் கதி என்றால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் மனைவியின் கடிதத்தையும் யார் கேட்பது?

சென்ற மாதம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். வடக்கே ஒரு நிறுவனத்தில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு. "சார், கைடு வாரம் மூணு நாள் பேசுவார். டேட்டா எங்கே, டிராஃப்ட் எங்கே, அவ்வளவுதான். நான் ஆறு மாசமா சரியா தூங்கலேன்னு அவருக்குத் தெரியாது சார்" என்றாள். நல்ல கைடுதான் என்றும் அவளே சொன்னாள். எனக்குப் புட்னி ஞாபகம் வந்தது.

இது ஒருத்தியின் கதை இல்லை. 2018-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர், பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள். மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வின் அறிகுறி 39 சதவீதம் பேரிடம் இருந்தது. பொதுமக்களில் அது 6 சதவீதம். இணையத்தில் விருப்பப்பட்டவர்கள் பதில் சொன்ன ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கஷ்டப்படுகிறவர்கள் அதிகமாகப் பதில் சொல்லியிருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் மூன்று மடங்கு.

கதை ராமானுஜனோடு முடிந்திருந்தால், வெளிநாட்டில் போன நம் பிள்ளை தனிமையில் வாடினான் என்று சொல்லி முடித்துவிடலாம். முடியவில்லை.

ஹார்டிக்கு 1939-ல் மாரடைப்பு வந்தது. மட்டைப்பந்தும் டென்னிசும் போயின. புதுக் கணக்கு போடும் திறனும் வற்றிவிட்டதாக அவர் நினைத்தார். அடுத்த ஆண்டு எழுதிய 'ஒரு கணிதவியலாளரின் தன்னிலை விளக்கம்' நூலைக் கணிதத்தின் அழகைப் பாடும் நூல் என்பார்கள். எனக்கு அது துக்க வீட்டில் எழுதியது போலத்தான் படுகிறது. 1947 கோடையில் ஹார்டியும் தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். பிழைத்தார். ஸ்னோ தவறாமல் வந்து பார்த்தார். தங்கை அருகில் உட்கார்ந்து கிரிக்கெட் வரலாற்றைப் படித்துக் காட்டினார். அந்த டிசம்பர் 1-ம் தேதி காலமானார்.

லிட்டில்வுட்? அவரும்தான். பல பத்தாண்டுகளாக மனச்சோர்வு. வெளியே அதிகம் தெரியாமல் சுமந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹார்டியும் லிட்டில்வுட்டும் 35 ஆண்டுகள் சேர்ந்து உழைத்தவர்கள். தங்களுக்குள் சில விதிகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, மற்றவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதும் கடமை இல்லை, படிக்கும் கடமைகூட இல்லை என்பது. கணக்கு போடுவதற்கு அருமையான விதி. அந்த விதியால் உலகத்துக்கு ஏறக்குறைய நூறு கட்டுரைகள் கிடைத்தன. ஆனால் ஒரே கல்லூரியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே இருட்டு. ஒருவருடையதை மற்றவர் எவ்வளவு அறிந்திருந்தார்கள்?

ஆனால் லிட்டில்வுட் கதை வேறு மாதிரிப் போனது. 1957-ல், 72 வயதில், அவருக்குச் சரியான மனநல மருத்துவம் கிடைத்தது. மருந்து வேலை செய்தது. அத்தனை காலம் சுமந்தது இறங்கியது. ராமானுஜன் காலத்தில் அந்த மருந்து கிடையாது. ஹார்டி இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

ஆராய்ச்சி மாணவர்களின் பெற்றோர் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். "மருந்தா? ஊர் என்ன சொல்லும்? பையன் பிஎச்.டி. முடிக்கட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் லிட்டில்வுட்டை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளின் போனில் இன்றே போட்டு வையுங்கள்.

குணமான பிறகு லிட்டில்வுட் அமெரிக்காவுக்குப் பலமுறை போய்ச் சொற்பொழிவு ஆற்றினார். எண்பது வயதைத் தாண்டியும் கட்டுரை எழுதினார். 1977 செப்டம்பரில், 92 வயதில், முதுமையில் காலமானார். டிரினிட்டியில்தான் கடைசிவரை இருந்தார்.