திருச்சானூர்ச் சாலையும் ஸ்டெப்னியும்

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதற்கு மாற்றுச் சக்கரம் என்று ஒன்று கிடையாது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் அத்தகைய டயரைக் காரில் பூட்டி ஓட்டினார்கள், வழியெல்லாம் பஞ்சர். அன்றைய கார்களில் சக்கரம் எளிதில் கழலாது. நடுச்சாலையில் குந்தி உட்கார்ந்து, டயரை லிவரால் நெம்பி, டியூபை உருவி, ஓட்டையை அடைத்து, மறுபடி பூட்டிக் கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். டிரைவர் என்பவர் பாதி ஓட்டுநர், பாதி மெக்கானிக்காக இருந்தது இதனால்தான்.

இந்தத் தொல்லைக்கு முதல் விடை 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரிலிருந்து வந்தது. அங்கே தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஆரக்கால் இல்லாத ஓர் இரும்பு வளையத்தில் காற்றடைத்த டயரை ஏற்றி விற்கத் தொடங்கினார். பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை; அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு வண்டியை எடுக்கலாம். கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே பொருளுக்கும் ஆயிற்று. சக்கரத்தையே முழுதாகக் கழற்றி மாட்டும் முறை சில ஆண்டுகளில் பரவியதும் டேவிஸின் வளையம் வழக்கொழிந்தது. பெயர் மட்டும் இந்தியச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் கார்கள் ஓடத் தொடங்கியபோது திருப்பதியும் திருச்சானூரும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. திருப்பதிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் பத்மாவதித் தாயார் கோயில் கொண்ட திருச்சானூர், மலைக்குச் செல்வோர் தவறாமல் வந்துபோகும் ஊர். திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகச் சென்னையிலிருந்து வரும் சாலை அன்று மாட்டுவண்டிகளின் சாலை. மாட்டின் குளம்பில் அடித்த லாடம் தேய்ந்து கழலும்போது லாட ஆணிகள் வழியில் சிந்தும். இரும்புப் பட்டா போட்ட வண்டிச் சக்கரத்துக்கு அவை ஒரு பொருட்டல்ல. ரப்பர் டயருக்கு அவைதான் எமன். வெயிலில் காய்ந்த கருவேல முள்ளும் அதே வேலையைச் செய்யும். அக்கால மோட்டார்ப் பயணங்களில் ஒரு ஸ்டெப்னி போதாமல் இரண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. டியூபும் தீர்ந்துபோனால் டயருக்குள் வைக்கோலைத் திணித்து மெல்ல உருட்டிக்கொண்டு போவது உலகம் முழுவதும் இருந்த கடைசி உபாயம்.

கார் மலைமேல் ஏறியது மிகவும் பிந்தித்தான். அதுவரை திருமலைக்கு நடந்து ஏறினார்கள், முடியாதவர்கள் டோலியில் போனார்கள். 1944 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் முதல் மலைப்பாதையைத் திறந்துவைத்தார். நீளம் ஏறத்தாழ 19 கி.மீ.; கொண்டையூசி வளைவுகள் 36. சாலை திறந்த வேளையோ போர்க்காலம். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபின் உலகின் ரப்பர் வரத்தில் பெரும்பகுதி நின்றுவிட்டது. டயரும் பெட்ரோலும் பங்கீட்டுக்குள் வந்தன. மலைக்கு வண்டிப்பாதை கிடைத்தபோது வண்டிக்கு டயர் கிடைக்கவில்லை. கிழிந்த டயரின் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டுவது, பட்டன் தேய்ந்த டயருக்குப் புதிதாக ரப்பர் ஏற்றி ரீபட்டன் போடுவது, ஒரே டியூபுக்குப் பத்து ஒட்டு போடுவது ஆகிய பழக்கங்களுக்கு இந்தப் பஞ்சமே தூண்டுதலாக இருந்தது. போர் முடிந்த பின்னும் அவை விடவில்லை. சென்னை திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் இறங்கிய அடுத்த தொழில் இந்த ரீபட்டன் ரப்பர்தான் என்பது சந்தையின் பசி எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது. டயர் உற்பத்திக்கு அந்நிறுவனம் வந்தது 1960களில்.

1974இல் இரண்டாவது மலைப்பாதை வந்தது. ஏறுவதற்குப் புதிய பாதை, இறங்குவதற்குப் பழைய பாதை என்று போக்குவரத்து பிரிந்தது. அடிவாரத்திலும் அதற்கு வரும் சாலைகளிலும் வண்டிகள் பெருகப் பெருகப் பஞ்சர் கடைகளும் பெருகின. ஸ்டெப்னியின் உண்மையான துணை இந்தக் கடைதான். மாற்றுச் சக்கரம் ஒருமுறைதான் காப்பாற்றும். அடுத்த பஞ்சருக்குள் முதல் பஞ்சரை ஒட்டியாக வேண்டும்.

அந்தக் கடையின் வேலை நுணுக்கமானது. டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கை கையாகத் திருப்பி, குமிழி எழும் இடத்தைப் பிடிப்பார்கள். அதைச் சுற்றிச் சாக்பீஸால் குறியிட்டு, துடைத்து உலர்த்தி, அரத்தால் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவிச் சற்றே காயவிட்டு ஒட்டை வைப்பார்கள். லாரி டியூப் என்றால் அதோடு விடமாட்டார்கள். பச்சை ரப்பர் துண்டை வைத்து, பழைய எஞ்சின் பிஸ்டனைக் கவிழ்த்த கிண்ணம்போல் மேலே இறுக்கி, அதன் குழியில் சிறிது பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துவார்கள். தீ அணைந்து பிஸ்டன் ஆறுவதற்குள் ஒட்டு டியூபோடு ஒன்றாகியிருக்கும். கடைப் பலகைகளில் எழுதிய ‘வல்கனைசிங்’ இதுதான். மலையேறுமுன் லாரிக் கிளீனர் லிவரைக் கையில் எடுத்து ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். ஓசை கணீரென்று வந்தால் காற்று சரி, மந்தமாக வந்தால் குறைவு. இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் பஞ்சரானால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்த ஓசைப் பரிசோதனைக்கு மதிப்பு அதிகம்.

டியூப் இல்லாத டயர் அமெரிக்கக் கார்களில் 1950களின் நடுவிலேயே வழக்கமாகிவிட்டது. இந்தியக் கார்களில் அது பரவலானது 2000க்குப் பிறகே. ஆணி ஏறினாலும் இந்த டயர் உடனே தரை தட்டாது; காற்று மெல்ல இறங்கும். ஆணியைப் பிடுங்கிவிட்டு, பசை தோய்ந்த ரப்பர் திரியை ஊசியால் உள்ளே செலுத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே வேலை முடியும். ஸ்டெப்னியின் தேவை குறையத் தொடங்கியது இந்த இடத்தில்தான். 2007இல் சென்னை அருகே உற்பத்தியைத் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்கள், காற்றே இல்லாமலும் ஏறத்தாழ 80 கி.மீ. ஓடக்கூடிய, பக்கச்சுவர் கெட்டியான ரன்ஃபிளாட் டயர்களைப் போட்டு மாற்றுச் சக்கரத்தைக் கைவிட்டன. பின்னர் மின்கார்களில் பேட்டரியும் கேஸ் கார்களில் சிலிண்டரும் அதன் இடத்துக்குப் போட்டியாக வந்தன.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு மேற்படாத, 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியில் டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாயிற்று. அதே 2020இல் சித்தூர் மாவட்டத்தின் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸின் புதிய ஆலையிலிருந்து முதல் டயர் வெளிவந்தது. டயருக்குத் தவித்த ஒரு மலைப்பாதையின் மாவட்டத்திலேயே டயர் விளையத் தொடங்கியது. அந்தப் பகுதி இப்போது 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

ஸ்டெப்னி இல்லாத காரோடு திருமலைக்கு வருவோர் ஏற்பாடு அந்தப் பஞ்சர் ஒட்டும் பெட்டியை நம்பி நிற்கிறது. அதில் இருப்பவை இரண்டே: ரப்பர் பால் கலந்த அடைப்புத் திரவப் புட்டி, 12 வோல்ட்டில் ஓடும் சிறு பம்பு. திரவத்தை வால்வு வழியே செலுத்திக் காற்றடித்து உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால் அது உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். பிறகு அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஆணி போட்ட சிறு துளைக்கு மட்டுமே இது மருந்து. பக்கச்சுவர் கிழிந்தால் பயனில்லை. மலைப்பாதையில் அஞ்சவேண்டியதும் அதுவே: வளைவில் ஒதுங்கும்போது கைப்பிடிச் சுவரின் அடிக்கல்லில் டயர் உரசுவது பக்கச்சுவரைத்தான் பதம் பார்க்கிறது. இந்தச் சாலையைப் பொறுத்தவரை பெட்டியைவிட மலையேறுமுன் செய்யும் சோதனை முக்கியமானது. சித்தூர் வெயிலில் ஓடிவந்த டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. திருச்சானூரில் தரிசனம் முடித்து வருவதற்குள் வண்டி ஆறியிருக்கும், அப்போது பார்க்கும் அளவே சரியானது. அதே நேரத்தில் பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ உண்டா என்று கையால் தடவியும் பார்த்துவிடலாம். பழைய பாதையில் இறங்கும்போது கீழ் கியரில் வருவது பிரேக்கோடு டயரையும் சூடேறாமல் காக்கும்.

திரவப் புட்டிக்குக் காலக்கெடு உண்டு. சில ஆண்டுகளில் அது உறைந்துவிடும், தேதி பார்த்து மாற்ற வேண்டும். திரவம் போட்ட டயரில் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கடைக்குப் போனதும் திரவம் போட்டதைச் சொல்லிவிட வேண்டும். டயரைக் கழற்றி உட்புறத்தைக் கழுவி, உள்ளிருந்து ஒட்டினால்தான் அது நிலைக்கும். டயர் கிழிந்து நின்றுவிட்டால், தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்து இழுவை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.