டெக் காலத்துச் சண்டைப்படங்கள்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

தமிழில் திரைப்பட வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் திரையரங்குகளின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது என்பதற்குச் சுவரொட்டி உண்டு, நாளிதழ் விளம்பரம் உண்டு. வீட்டுக்குள் பார்க்கப்பட்ட படங்களுக்கு அத்தகைய சான்று எதுவுமில்லை. அதிலும் ஹாங்காங்கிலும் தைவானிலும் எடுக்கப்பட்ட சண்டைப்படங்கள் நம் ஊர்க் கூடங்களிலும் முற்றங்களிலும் எவ்வாறு பார்க்கப்பட்டன என்பது, பார்த்தவர்களோடு போய்விடக்கூடிய செய்தி. குமரி மாவட்டத்தை முன்வைத்து அதைச் சிறிது பதிவு செய்யலாம் என்று நினைக்கிறோம். கூடவே ஒரு வழக்கும் உண்டு. சிறுபத்திரிகை வாசகர்களாகிய நாம் இப்படங்களைக் குப்பை என்று தள்ளிய தீர்ப்பு, சிதைந்த பிரதிகளை வைத்து எழுதப்பட்டது என்பதே எம் கட்சி.

ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். நாடாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1976இல். 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற நம் மாவட்டத்தார் விடுமுறைக்குத் திரும்புகையில் கொண்டுவந்த பொருள்களில் வீடியோ டெக் முக்கியமானது. சொந்தமாக வாங்க இயலாதவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை என்று எதற்கும் டெக் போடுவது வழக்கமாயிற்று. வீடியோ வழிப் படம் காட்டுதலை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 1984இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதிலிருந்து அதன் பெருக்கத்தை ஊகிக்கலாம்.

இரவு முழுக்க மூன்று நான்கு படங்கள் ஓடும். பெண்களும் முதியவர்களும் உறங்கச் சென்றபின், விடியற்காலையில் போடப்படுவது 'கராத்தே படம்'. குங்ஃபூ, கராத்தே என்ற வேறுபாடெல்லாம் அன்று கிடையாது. சீனர் அடித்தாலும் ஜப்பானியர் அடித்தாலும் கராத்தேதான். (தமிழ்நாட்டில் 'கராத்தே' என்பது மனிதர்களின் பெயருக்கு முன்னொட்டாகவே ஆன கதையைத் தனியே எழுத வேண்டும்.) பேச்சு ஆங்கிலக் குரலில் வரும், வாயசைவோடு ஒட்டாது. வளைகுடாவிலிருந்து வந்த நாடாவாயின் அடியில் அரபு எழுத்துகள் ஓடும். கல்லூரியில் படிக்கும் ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த கூட்டத்துக்குப் பழிவாங்கும் கதையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இனி பிரதிக்கு வருவோம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களின் முன்னுரைகளைப் படித்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதன்று. ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு, அதைப் பார்த்து வேறோர் ஏடு என்று எழுதும்போது பிழை பெருகும். நாடாவும் அவ்வாறே. ஒவ்வொரு படியெடுப்பிலும் நிறம் கலங்கும், விளிம்பு கரையும். தலைப்புகளிலும் பாடபேதம் உண்டு. புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' (1971) அமெரிக்காவில் 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபியூரி' என்ற பெயரில் வெளியானது. அதனால் அவருடைய அடுத்த படமான 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972) அங்கே 'தி சைனீஸ் கனெக்‌ஷன்' ஆயிற்று. 1973 ஜூலை 20 அன்று லீ இறந்தபின் புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்ற பெயர்களில் வேறு நடிகர்கள் வரிசையாகத் தோன்றினார்கள். இதைக் கண்டு சிரிக்க நமக்குத் தகுதியில்லை. அகத்தியர் பெயரில் எத்தனை பிற்கால மருத்துவ நூல்களும் வர்ம நூல்களும் வழங்குகின்றன என்பதை இம்மாவட்டத்தார் அறிவர்.

இவற்றைக் காட்டிலும் பெரிய சேதம் சட்டகத்துக்கு நேர்ந்தது. ஷா சகோதரர்களின் படங்களில் பெரும்பாலானவை 'ஷாஸ்கோப்' என்னும் அகலத்திரையில் எடுக்கப்பட்டவை. அதன் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு, பழைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ 1.33 மடங்கு. நாடாவுக்கு மாற்றியவர்கள் இருபுறமும் வெட்டினார்கள். காட்சியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் போயிற்று. ஒரு முனையில் ஒருவனும் மறுமுனையில் இன்னொருவனும் நிற்க, இடைவெளியைக் கணக்கிட்டு அமைத்த சண்டையில், அடிப்பவன் தெரிவான்; அடி வாங்குபவன் தெரியமாட்டான். வெறும் கை கால் வீச்சு என்று நாம் எள்ளியது இதைத்தான்.

'ஷாவோலினின் 36ஆவது அறை' (1978) நல்ல எடுத்துக்காட்டு. 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரிலும் உலவிய படம். இயக்குநர் லாவ் கார்-லியுங். பழிவாங்கத் துடிக்கும் இளைஞன் மடத்தில் சேர்ந்து, அறை அறையாகப் பயின்று தேறுகிறான். கைகளில் கத்தியைக் கட்டிக்கொண்டு, கையைத் தாழ்த்த இயலாதவாறு நீர்வாளி சுமக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். படத்தின் பெரும்பகுதி பயிற்சிதான். பழி வாங்கல் அவசரமாக முடிந்துவிடுகிறது. 35 அறைகளையும் கடந்தவன் கேட்பது 36ஆவது அறை: மடத்துக்கு வெளியே உள்ள எளிய மக்களுக்கும் இக்கலையைக் கற்றுத்தரும் அறை. லாவின் தந்தை லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம், வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். ஆசான் மாணவர் என்று வழிவழியாக வந்த ஒன்று திரைப்படமாக மாறியிருக்கிறது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அடிமுறை ஆசான்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் புரியும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, உரிய சீடன் வரும்வரை உட்பொருளைச் சொல்லாது காத்த மரபு நம்முடையது. அம்மரபின் மறைபொருள் காக்கும் தன்மையை ரோமன் சீலர் இம்மாவட்டத்தில் களப்பணி செய்து 2015இல் ஆங்கிலத்தில் நூலாகவே எழுதியிருக்கிறார். மறைக்க வேண்டுமா, திறக்க வேண்டுமா என்ற வினாவைத்தான் அந்தச் சீனப்படமும் கேட்கிறது. டெக்கின் முன்னே அமர்ந்திருந்தபோது அதை ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

சொன்னது வேறொன்று. "இது நம்ம அடிமொறதான்டே, இங்கேருந்து போனது" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொல்லாமல் படம் முடியாது. 'ஏழாம் அறிவு' (2011) அதையே பெருந்திரையில் சொன்னது. இதில் நாம் உடன்படுவதற்கில்லை. 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி எழுதிய நூல் போதிதருமரைப் பாரசீகத்தவர் என்கிறது. தான்லின் எழுதிய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் சண்டைக்கலை பற்றிய பேச்சே இல்லை. அவரை ஷாவோலின் உடற்பயிற்சியோடு இணைப்பது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'யிஜின் ஜிங்'. அதன் பழம் முன்னுரைகள் போலியானவை என்று தாங் ஹாவோ என்ற சீன அறிஞர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டிவிட்டார். நம் அடிமுறை பெருமைப்படத் தன்னளவிலேயே போதுமானது. அதற்குச் சீனத்துச் சான்றிதழ் எதற்கு?

நாடாவுக்குப்பின் வி.சி.டி. வந்தது. ஒரு படத்துக்கு இரண்டு வட்டுகள். சண்டையின் நடுவே எழுந்து வட்டை மாற்ற வேண்டும். அரிய படம் தேடியவர்கள் சென்னைக்குப் போகும் நண்பர்களிடம் பெயர் எழுதிக்கொடுத்து, பர்மா பஜாரில் தேடச் சொன்னார்கள். நல்ல பிரதி அதன்பின்தான் வந்தது. ஷா சகோதரர்களின் 760 அளவிலான படங்களின் உரிமையை வாங்கிய செலஸ்டியல் நிறுவனம் 2002 முதல் அவற்றைச் செப்பனிட்டு வெளியிட்டது. கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஸென்' (1971) செப்பனிடப்பட்டு 2015இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே படத்துக்கு 1975இல் அவ்விழா தொழில்நுட்பத்துக்கான பரிசை அளித்திருந்தது. பாழடைந்த கோட்டையில் இரவில் நிகழும் சண்டை, நமக்குக் கிடைத்த பழைய பிரதியில் வெறும் கறுப்பு. வாளோசை மட்டும் கேட்டது. புதிய பிரதியில் புல் அசைவது தெரிகிறது.

பழைய நாடாக்கள் இன்றும் பல வீடுகளின் பரணில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. பலவற்றில் படத்தின்மேல் கல்யாணத்தைப் பதிந்துவிட்டார்கள். தாலி கட்டி, பந்தி முடிந்து, மணமக்கள் காரில் ஏறியபின் சற்று நேரம் கோடுகள் ஓடும். பிறகு அரபு எழுத்துகளுக்கு மேலே, யாரோ ஒரு சீனக் கிழவர் யாரோ ஒரு பையனுக்குக் கால் வைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார்.