புகழ் முதலில் வந்தது, படம் பின்னால் வந்தது

ஜொகூர் மாநிலத்தில், கூலாய் மாவட்டத்தில் இருக்கும் செனாயை இன்று வெளியூர்க்காரர்கள் விமான நிலையத்தை வைத்துத்தான் அறிவார்கள். அந்த விமான நிலையம் திறந்தது 1974இல். அதற்கு முந்தைய செனாய், ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில் ஒரு சிறு கடைத்தெரு, சுற்றிலும் ரப்பர் மரங்கள், மரங்களுக்கு நடுவே லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், லயங்களில் தமிழர்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு தமிழ்ப் படம் நேராக வந்ததே இல்லை. சென்னையில் ஓடி முடித்து, கப்பலேறி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, பட்டணத்துக் கொட்டகைகளைச் சுற்றிவிட்டுத்தான் தோட்டப்புறத்துக்கு வரும். அதற்குள் அதன் புகழ் வந்து, ஆறி, பழசாகியும் இருக்கும். பாட்டுப் புத்தகம் கைக்குக் கை மாறியிருக்கும், இசைத்தட்டு தேய்ந்திருக்கும்.

படம் பார்த்த பிறகு புகழ்வதோ இகழ்வதோ எல்லா ஊரிலும் உள்ளதுதான். மலாயாத் தோட்டப்புறத்தில் புகழைத்தான் முதலில் கேட்டார்கள், படத்தை அப்புறம் பார்த்தார்கள். ஆகவே ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்ற கேள்வி அங்கே தயாராகவே காத்திருந்தது. ஒரு படம் தகுதிக்கு மேல் புகழப்பட்டதா என்ற வாதத்துக்கு இதைவிட ஏற்ற மண் கிடைக்காது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. கோடம்பாக்கத்தில் ஒரு படத்தின் வெளிநாட்டு விநியோக உரிமையை இன்னமும் ‘எஃப்.எம்.எஸ்.’ என்றே விற்கிறார்கள். அந்த மூன்று எழுத்துக்கு இப்போது புது விரிவுகள் சொன்னாலும், அதே எழுத்துகளைத் தாங்கியிருந்த ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்ற ஆட்சி அமைப்பு 1946இலேயே கலைந்துவிட்டது. ஜொகூர் அதில் ஒருபோதும் சேர்ந்திருக்கவில்லை. அந்தக் கணக்கில் செனாய்க்காரர் வெளிநாட்டு ரசிகரிலும் வெளியாள்!

புகழைக் குத்திப் பார்க்கும் வழக்கத்துக்குத் தமிழில் ஒரு மூதாதை உண்டு. 1935இல் ‘நந்தனார்’ வந்தபோது, நந்தனாராக வேடமிட்ட கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்ற செய்திதான் படத்துக்கு முன்னால் ஊரெங்கும் ஓடியது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஆனந்த விகடனில் விமர்சனம் எழுதிய கல்கி அந்தத் தொகைக்கு மயங்கவில்லை. படத்தில் நன்றாக நடித்தவர்கள் வரிசையில் ஒரு மரத்தையும் எருமையையும் முன்னால் நிறுத்திக் கிண்டலடித்தார். நடிகைக்கு அது நியாயமா என்பது வேறு கேள்வி. அவர் குரலுக்காகவே கொட்டகைக்குப் போனவர்கள் கல்கியோடு ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். ஆனால் விளம்பரம் வேறு, படம் வேறு என்று அச்சில் பிரித்துக் காட்டும் துணிச்சல் அப்போதே பழகிவிட்டது.

மலாயாவில் அந்த வேலையைச் செய்தது அச்சு அல்ல, திடல். கோயில் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் அரசாங்கத் தகவல் வண்டிகளும் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் வந்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரப் படங்களைக் காட்டின. ஒரே ஒரு 16 மி.மீ. கருவி இருந்தால், சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த இடைவெளிதான் விமர்சன அரங்கம். இதுவரை பார்த்த கதைக்குத் தீர்ப்பு சொல்லப்படும், இனி வரப்போகும் காட்சியைப் பட்டணத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டவர் போட்டு உடைப்பார், அவரை அடக்க நான்கு பேர் எழுவார்கள். அச்சு விமர்சகருக்கு ஒரு வாரம் கிடைக்கும். திடல் விமர்சகருக்கு ஒரு சுருள் மாற்றும் நேரம்தான்.

அந்த யுகத்தின் மிகப் பெரிய புகழ் ‘பராசக்தி’யுடையது. 1952 தீபாவளிக்கு வெளியான படம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசன் அறிமுகம். தமிழகத்தில் அதற்கு எதிராகத் தடை கோரும் குரல்கள் எழுந்தன. தினமணி கதிர் அதைப் ‘பரப்பிரம்மம்’ என்று பெயர் மாற்றிக் கேலி செய்து, வசனகர்த்தாவின் கேலிச்சித்திரத்தை அட்டையிலேயே போட்டது. கொழும்பு மைலன் தியேட்டரில் அது நாற்பது வாரங்களை ஒட்டி ஓடியது. ஆக, ஆதரவும் எதிர்ப்பும் ஒரே அளவு உரத்து வந்த படம்.

அன்றைய எதிர்ப்பாளர்களின் வாதத்தில் பாதி அரசியல், மீதிப் பாதி சினிமா. அந்த மீதிப் பாதியை இன்று அமைதியாகப் படித்தால் அதில் நியாயம் இருக்கிறது. அது மேடையிலிருந்து வந்த கதை. கேமரா பல இடங்களில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்த ரசிகரைப் போலவே நடந்துகொள்கிறது. நீதிமன்றக் காட்சியில் நடப்பது வழக்கு அல்ல, சொற்பொழிவு. ஆனால் கடல் கடந்த தமிழருக்கு அந்தப் படத்தில் வேறொரு கணக்கு இருந்தது. குணசேகரன் ரங்கூனிலிருந்து புறப்பட்டு வருகிறவன். தங்கையின் கல்யாணத்துக்காகத் தாய்நாட்டில் கால் வைத்தவனைச் சென்னை ஏமாற்றிப் பிச்சைக்காரனாக்குகிறது. அவன் அண்ணன்களில் ஒருவன் போரில் சிக்கிக் காலை இழக்கிறான். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் வாழ்ந்து, சயாம் ரயில் பாதைக்கு ஆள் கொடுத்து, ஊருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் தவித்த மலாயாத் தமிழர்கள் இந்தக் கதையை அலங்கார வசனத்துக்காக மட்டும் பார்த்திருக்க முடியாது. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தவர். சீர்திருத்தப் பேச்சும் அங்கே புதிதல்ல. சென்னை விமர்சகர் மிகை என்று கண்ட இடத்தில் தோட்டக்காரர் தன் குடும்பத்தைக் கண்டிருப்பார். இருவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம்.

எம்.ஜி.ஆர். – சிவாஜி காலத்தை நீட்டி எழுதத் தேவையில்லை. அது படங்களைப் பற்றிய வாதமே அல்ல, கட்சி கட்டுதல். கள்ளுக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், எல்லாப் படத்துக்கும் அவருடைய தீர்ப்பு என்னவென்று முன்கூட்டியே தெரியும்.

பிறகு இரண்டு புதிய சாட்சிகள் வந்தன. ஒன்று மதிப்பெண். ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போடத் தொடங்கியதும் புகழுக்கு ஒரு எண் கிடைத்தது. 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வாங்கிய அறுபத்திரண்டரை தமிழ் ரசிகர்களிடையே பழமொழி அளவுக்குப் பரவியது. நூற்றுக்கு அறுபத்திரண்டரை என்பது பள்ளிக்கூடத்தில் சுமாரான மார்க்தான். விகடனில் அதுவே சிகரம். எண் வந்தால் சண்டை தீரும் என்று நினைப்பது அப்பாவித்தனம். எது எதைவிட அரை மார்க் குறைவு என்று சண்டை போட மேலும் ஒரு காரணம் கிடைத்தது.

இன்னொரு சாட்சி வீட்டுத் திரை. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியது. தெற்கு ஜொகூரில் ஏரியலைக் கொஞ்சம் திருப்பினால் சிங்கப்பூர் அலைவரிசையும் கிடைக்கும். எண்பதுகளில் வீடியோ கேசட் வந்ததும் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விற்றது இந்தப் பக்கமும் வந்தது. முதல்முறையாக ஒரு படத்தை நிறுத்தி, திருப்பி, இன்னொரு படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இதில் அதிகம் அடிபட்டது ‘நாயகன்’. 1987 தீபாவளிப் படம், மணிரத்னம் இயக்கம். கமல்ஹாசன், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம், கலை இயக்குநர் தோட்டா தரணி ஆகியோருக்குத் தேசிய விருது. அந்த ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படம். 2005இல் டைம் இதழ் தேர்ந்த நூறு படங்களில் ஒன்று. இத்தனை பதக்கங்களுக்கும் எதிரில் ஒரே ஒரு கேசட் நின்றது: ‘தி காட்ஃபாதர்’. மகனின் பிணத்தின் முன் தந்தை உடையும் இடத்தைக் காட்டினாலே போதும், ‘சுட்ட படம்’ என்று வாதத்தை முடித்துவிடுவார்கள்.

முடியவில்லை. தூத்துக்குடியில் போலீசுக்குத் தப்பி பம்பாய்க்கு ஓடும் சிறுவன், தாராவியின் தண்ணீர்க் குழாய், குடிசைகளை இடிக்க வரும் இயந்திரம், இவை எதுவும் ‘தி காட்ஃபாதர்’ இயக்கிய கொப்போலாவிடம் இல்லை. சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி எழுப்பிய தாராவி, பம்பாய்த் தமிழர் வரதராஜ முதலியாரின் நிஜ வாழ்க்கையின் நிழலில் நிற்கிறது. முதல் பாதி சொந்தச் சரக்கு. பிற்பாதியில் சில இடங்கள் கடன் வாங்கியவை. புகழ் முழுப் படத்துக்கும் சேர்த்துக் கிடைத்ததால், பிற்பாதிக்கு அது தகுதிக்கு மேல்தான். இந்தச் சண்டையில் படத்தைச் செய்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2012இல் வெள்ளி விழா நேரத்தில் கமல் தி இந்து நாளேட்டில் படம் உருவான கதையை எழுத, தயாரிப்பாளர் முக்தா சீனிவாசன் அதை மறுத்து எழுதினார். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் பெருமையின் பங்கு பிரிக்கப்படவில்லை.

புகழ் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை. 2003 பொங்கலுக்கு ‘தூள்’ வென்றது, ‘அன்பே சிவம்’ தோற்றது. இன்று பின்னதைத் தொட்டால் அடிக்க வருகிறார்கள். தோற்ற படத்துக்குக் கிடைக்கும் பரிவும் ஒருவகை மிகைமதிப்புதான். கொட்டகையில் கைவிட்டவர்களின் குற்ற உணர்வு அதில் வட்டியோடு சேர்ந்திருக்கிறது. உலகமெங்கும் இதே கதை. பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடம், 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ‘ஜான் டீல்மன்’. 1958இல் வெளியானபோது ‘வெர்டிகோ’வுக்குக் கிடைத்தது அரைமனதுப் பாராட்டுதான்.

இவ்வளவும் தூரத்துப் படங்கள். அவை சொல்லும் ஊர் உண்மையா பொய்யா என்று செனாய்க்காரரால் சரிபார்க்க முடியாது. மதுரையையும் தாராவியையும் திரை சொன்னபடி நம்ப வேண்டியதுதான். தன் ஊரே திரைக்கு வந்தபோதுதான் நிலைமை தலைகீழானது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாடு முழுவதும் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பிறகு நிலமே கைமாறியது. செனாயைச் சுற்றியும் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு 2013இல் ஒரு கசப்பான பதில் வந்தது. உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டு, உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது.

அந்தக் காயத்தைத் தொட்டு இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தன. 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. 2016 ஜூலை 22இல் பா. ரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’. முன்னது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்தை இழந்த ஒரு குடும்பத்தில் அப்போய் என்ற சிறுவன் மெல்லத் தடம் மாறும் கதை. பெரிய முகம் இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை. பின்னதற்கு ஏர் ஏசியா விமானத்தின் மேலேயே ரஜினியின் படம். கபாலியும் தோட்டத்துப் பிள்ளைதான். தமிழ்த் தொழிலாளிக்குச் சம ஊதியம் கேட்டுத்தான் அவன் எழுகிறான். அவனை ஆளாக்கும் தலைவரின் பெயர் தமிழ்நேசன். 1924இல் தொடங்கிய மலாயாவின் பழைய நாளேட்டின் பெயரும் அதுவே.

சென்னையில் ‘கபாலி’ பற்றிய சண்டை, இது ரஜினி படமா ரஞ்சித் படமா என்பது. மலேசியாவில் அளவுகோல் வேறு. ஜகாட்டின் மனிதர்கள் மலேசியத் தமிழ் பேசுகிறார்கள். அதட்டுவதும் கெஞ்சுவதும் அந்த மண்ணின் தமிழில்தான். கபாலி கோட்டும் சூட்டும் அணிந்து சென்னைத் தமிழ் பேசினான். தோட்டத்து வரலாற்றைத் தமிழ் வணிக சினிமா இவ்வளவு பெரிய திரையில் பேசியதே பெரிது என்பதும் உண்மை. அந்த வரலாறு துப்பாக்கிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்பதும் உண்மை. தேர்ந்தெடுக்கச் சொன்னால், சிறிய படத்தின் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. லயத்தை விட்டு வந்தவன் குண்டர் கும்பலில் சேர்வது வீரத்தால் அல்ல, வேறு கதவு திறக்காததால் என்பதை அது கூச்சல் இல்லாமல் சொல்லிவிட்டது.

மலேசியாவில் ‘கபாலி’யின் முடிவே வேறு. தமிழகத்தில் துப்பாக்கி ஏந்திய டைகர் என்ற இளைஞனையும் ஒரு வெடிச் சத்தத்தையும் தொங்கலில் விட்டு முடிந்த படம், மலேசியத் திரைகளில் டைகர் காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற எழுத்தோடு முடிந்தது. தணிக்கையின் கை அதில் தெரிகிறது. கூடவே மலாய்க் குரல் ஏற்றிய ‘கபாலி’யும் வெளியானது, அப்படி வந்த முதல் தமிழ்ப் படம் அதுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில், மலேசியத் திரைப்பட விழாவின் 28ஆவது பதிப்புக்கான நியமனங்கள் வெளியாகின. வசனத்தில் எழுபது விழுக்காடு மலாய் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியிருந்தார்கள். ‘ஜகாட்’ அங்கே இருந்தது. சென்னையில் எடுத்த தமிழ்ப் படத்துக்கு மலாய்க் குரல் கிடைத்த அதே ஆண்டில், மலேசியாவில் பிறந்த படத்துக்கு மலாய் போதவில்லை! ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம் விழாவிலிருந்து விலகினார், அஃப்ட்லின் ஷவுக்கி போன்ற கலைஞர்கள் எதிர்த்தார்கள், விதி திருத்தப்பட்டது. செப்டம்பரில் ‘ஜகாட்’ மலேசியாவின் சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது. புகழ் இம்முறை படத்துக்குப் பின்னால் வந்தது. அது தகுதிக்கு மேற்பட்ட புகழா என்று கேட்கிறவர்கள் இப்போதும் உண்டு. அவர்களில் பலர், படம் கொட்டகையில் ஓடியபோது பார்க்கத் தவறி, விருதுக்குப் பிறகு தேடிப் பார்த்தவர்கள்.