‘ஆன்’ என்னும் சொல்லும் அரைநூற்றாண்டுப் பேரமும்: இருசக்கர வாகன விலை குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற மாதம் தில்லியில் ஓர் இருசக்கர வாகன விற்பனையகத்திற்குச் செல்ல நேர்ந்தது. வாங்கியவன் நானல்லன், எங்கள் விடுதி உணவகத்தில் பணிபுரியும் பீகார் இளைஞர். மாலை நேரங்களில் உணவு விநியோக வேலைக்குப் போவதற்காக 125 சிசி பைக் ஒன்றை வாங்க விரும்பினார். விடுதிக்குக் காய்கறி எடுப்பவரும் அவரே. மண்டியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்க அவர் நடத்தும் நாடகத்தை நான் பலமுறை வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் குளிரூட்டப்பட்ட அந்தக் கூடத்தில், கண்ணாடி மேசைக்கு முன்னால், அவர் வாய் திறக்கவில்லை. விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அதை என் பக்கம் நகர்த்தி, “பையா, நீங்களே பாருங்கள்” என்றார்.

பட்டியலின் மேலே எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.86,000, கீழே ஆன்-ரோடு விலை ரூ.1,06,500. கடைசி விலை என்ன என்று கேட்டேன். “விலை நிறுவனம் வைப்பது, இதில் பேச ஒன்றுமில்லை” என்றார் விற்பனையாளர். பேரத்தில் தேர்ந்த ஒருவரை ஊமையாக்கும் இந்த மேசை எப்போது உருவானது? இக்கேள்வியே இப்பதிவுக்குக் காரணம்.

பேரம் என்பது விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்குமே ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை இருக்கும் இடத்தில் மட்டுமே நிகழக்கூடியது. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். விலை மறைவாகப் பேசப்பட்டாலும் இருவர் கையும் துண்டுக்குள் இருக்கும். சுதந்திர இந்தியாவின் இருசக்கர வாகனச் சந்தையில் நெடுங்காலம் வாங்குபவரின் கை அந்தத் துண்டுக்குள் நுழையவே இல்லை.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், எந்த நிறுவனம் எதை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை உரிமத்தின் வழி தீர்மானித்தது. அதன் 18-ஜி பிரிவு, பொருள்களின் விநியோகத்தையும் விலையையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. சென்னையின் என்ஃபீல்டு புல்லட், மைசூரின் ஜாவா, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் எனச் சில மோட்டார் சைக்கிள்கள் இருந்தாலும், நடுத்தரக் குடும்பங்கள் விரும்பியது ஸ்கூட்டரை. 1972இல் வெளிவந்த பஜாஜ் சேத்தக் அந்த விருப்பத்தின் முகமாயிற்று. தேவை பெருகிய வேகத்தில் உற்பத்தி பெருக உரிமம் இடங்கொடுக்கவில்லை. முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மகள் பிறந்தபோது பதிவு செய்தால் திருமணத்திற்கு வண்டி வந்துவிடும் என்ற வேடிக்கைப் பேச்சு, வரதட்சணைப் பட்டியலில் ஸ்கூட்டர் பெற்றிருந்த இடத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இக்காலத்தில் அறிவிக்கப்பட்ட விலையில் பேரமில்லை. ஆயின் பேரம் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. அது காத்திருப்பு வரிசையைச் சுற்றி நடந்தது. ஒதுக்கீட்டில் வண்டி பெற்றவர் அதை உடனே மற்றொருவருக்குக் கூடுதல் தொகைக்குக் கைமாற்றலாம். வெளிநாட்டிலுள்ள உறவினர் அந்நியச் செலாவணியில் பணம் அனுப்பினால் வரிசையைத் தாண்டி வண்டி பெறலாம். அறிவிக்கப்பட்ட விலைக்கு மேல் ரொக்கமாகக் கைமாறிய தொகைக்கு ‘பிரீமியம்’ என்று பெயர். வட இந்திய, மேற்கிந்திய வணிக வழக்கில் ‘ஆன்’. ‘ஆன் மணி’ என்னும் ஆங்கிலத் தொடரில் பெயர்ச்சொல் உதிர்ந்து முன்னிடைச்சொல் மட்டுமே பெயராக நின்ற வடிவம் இது. “வண்டி ஆனில் போகிறது” என்றால் விலைக்கு மேல் விற்கிறது என்று பொருள்.

இந்தியில் விலையைக் குறிக்கும் ‘பாவ்’ என்ற சொல்லும் இங்கே கவனிக்கத்தக்கது. ‘பாவ் கானா’, அதாவது விலையை உண்ணுதல், என்பது பிகு செய்துகொள்வதைக் குறிக்கும் மரபுத்தொடர். தட்டுப்பாட்டுக் காலத்து விற்பனையாளரின் நடத்தைக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் கிடைப்பது அரிது.

1980-களில் நிலைமை மாறத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனங்களுடன் தொழில்நுட்பக் கூட்டு அனுமதிக்கப்பட்டது. ஓசூரில் 1984இல் இந்த்-சுசூகி, ஹரியானாவின் தாருஹேராவில் 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ் 100 என 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. 1991இன் புதிய தொழிற்கொள்கை பெரும்பாலான தொழில்களுக்கு உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அதன்பின் காத்திருப்பவர் வாங்குபவரல்லர்; விற்பனையகத்தில் நிற்கும் வண்டி. நியாயமாகப் பார்த்தால் இங்கே பேரம் திரும்பி வந்திருக்க வேண்டும்.

ஓரளவு வரவும் செய்தது. ஆனால் அது விலையின் மீது வரவில்லை, விலையின் உறுப்புகள் மீது வந்தது. இங்குதான் ‘எக்ஸ்-ஷோரூம்’, ‘ஆன்-ரோடு’ என்ற இரட்டைச் சொற்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. ‘எக்ஸ்’ என்பது ‘இலிருந்து’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். விற்பனையகத்திலிருந்து வண்டி வெளியேறும்போதுள்ள விலை அது. சரக்கு மற்றும் சேவை வரி அதனுள் அடக்கம். சாலைவரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்தால் ஆன்-ரோடு விலை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57ஆம் பதிவு வாகன வரியை மாநிலங்களுக்கு அளிக்கிறது. ஆகவே ஒரே வண்டிக்கு தில்லியில் ஒரு விலை, பெங்களூரில் வேறொரு விலை.

பழைய ‘ஆன்’ வேறு, இந்த ‘ஆன்’ வேறு. முன்னது ‘மேல்தொகை’, பின்னது ‘சாலைமேல்’. மொழியியல் மாணவன் என்ற முறையில் இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் வாங்குபவருக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: அறிவிக்கப்பட்ட விலை நீ கொடுக்கப்போகும் விலை அன்று. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று அச்சிட வேண்டுமென்ற விதி உண்டு. அது பொட்டலமிடப்பட்ட பொருள்களுக்கான விதி. பைக் பொட்டலத்தில் வருவதில்லை.

அந்த இடைவெளியில் உள்ளவை அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சாலைவரியும் பதிவுக் கட்டணமும் சட்டப்படியானவை, பேசிப் பயனில்லை. காப்பீட்டின் ஒரு பகுதியும் அவ்வாறே. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்திற்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட அதன் தொகை, வரி நீங்கலாக, ரூ.3,851. ஆனால் வண்டிக்கு நேரும் சொந்தச் சேதத்திற்கான காப்பீட்டுக் கட்டணம் 2007 ஜனவரியிலேயே கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டது. அதில் நிறுவனத்திற்கு நிறுவனம் தொகை மாறும், எங்கு வாங்குவதென்பதும் நம் விருப்பம். ‘ஹேண்டலிங்’ என்பது அரசுக்குப் போகும் கட்டணமே அன்று. தலைக்கவசத்தை வாங்கும் நேரத்திலேயே உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என்கிறது நடுவண் மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி. பின்சக்கரத்தை மூடும் சேலைக்காப்பும் 123ஆம் விதியின்படி வண்டியிலேயே இருக்க வேண்டியது. எது சட்டம், எது விருப்பம், எது வெறும் வழக்கம் என்ற வேறுபாட்டை ஒரே எழுத்துருவில், ஒரே நெடுவரிசையில், ஒரே கூட்டுத்தொகையில் அந்தப் பட்டியல் கரைத்துவிடுகிறது.

நிறுவனம் வைத்த விலை அசையாது என்பது உண்மையா? வரலாறு இதற்கு ஒரு தெளிவான விடையை வைத்திருக்கிறது. 2017 மார்ச் 29 அன்று, பிஎஸ்-3 தர வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் தேங்கியிருந்த அத்தகைய வண்டிகள் எட்டு இலட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். மார்ச் 30, 31 ஆகிய இரு நாள்களில் சில வண்டிகளுக்கு ரூ.22,000 வரை தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. விற்பனையகங்களின் வாசலில் கூட்டம் முண்டியது. விற்காமல் வைத்திருக்கும் உரிமையை நீதிமன்றம் விற்பவரிடமிருந்து பறித்தவுடன், அசையாதென்று சொல்லப்பட்ட விலை ஒரே இரவில் அசைந்தது. 1970-களின் வரிசையில் நின்றவருக்கு நேர்ந்ததன் நேர்எதிர்நிலை இது. விலையைத் தீர்மானிப்பது காத்திருக்க முடியாதவர் யார் என்பதே.

மற்றொரு விலைக்குறைப்பு 2025 செப்டம்பர் 22 அன்று வந்தது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. இது பேரத்தால் வந்ததன்று, அரசு ஆணையால் வந்தது. நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் வரி குறைந்த பட்டியலிலும், அதே நெடுவரிசையில் துணைக்கருவிகளும் ஹேண்டலிங்கும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மீண்டும் அந்த மேசைக்கு வருவோம். இடைவெளியாக இருந்த ரூ.20,500இல் வரியும் பதிவும் ரூ.7,000, காப்பீடு ரூ.9,200, துணைக்கருவிகள் ரூ.2,800, ஹேண்டலிங் ரூ.1,500. நான் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியையும் இந்தியில் உரக்கப் படித்து, “இது எந்த விதியின்படி?” என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது கேள்விக்குள் நண்பருக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மண்டியில் கேட்ட அதே குரல். ஹேண்டலிங் நீங்கியது. காப்பீட்டின் கூடுதல் சேர்க்கைகள் கழிந்து ரூ.6,300 ஆயிற்று. லெக் கார்டுக்கு மட்டும் ரூ.900 நின்றது. வண்டி ரூ.1,00,200க்கு முடிந்தது. மிச்சமான ரூ.6,300 அவருடைய அரை மாதச் சம்பளத்திற்கு அருகில் வரும்.

அவருக்குக் குறைவாக இருந்தது பேரம் பேசும் திறமையன்று; பட்டியலின் சொற்கள் மட்டுமே. உரிமக் காலத்தில் வண்டி பற்றாக்குறையாக இருந்தது, அதைப் பெற ‘ஆன்’ கொடுத்தோம். இன்று வண்டி தாராளமாக இருக்கிறது. பற்றாக்குறையாக இருப்பது அந்த மேசையின் மீதுள்ள தாளை வாசிக்கும் ஆற்றல். அந்தப் பற்றாக்குறைக்கும் யாரோ ஒருவர் ‘ஆன்’ கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். பெரும்பாலும் அதைக் கொடுக்க இயலாதவர்.

விலைப்பட்டியலை வாங்குபவரின் மொழியில், கட்டாயமானவற்றையும் விருப்பமானவற்றையும் தனித்தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அன்று. மொழி உரிமை பற்றிய நம் ஆய்வுகள் பள்ளி, நீதிமன்றம், அரசு அலுவலகம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. விற்பனையக மேசையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.