இனத் தடையும் பெண் தடையும்: சட்ட அறிஞர் பாலி மர்ரே அம்மையார்

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை இளைஞர்கள் தேர்வுக்காக மனனம் செய்திருப்பர். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி எக்குடிமகனையும் அரசு வேற்றுமைப்படுத்தலாகாது என்பது அப்பிரிவின் சாரம். சாதி என்ற சொல்லும் பால் என்ற சொல்லும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அண்ணல் அம்பேத்கர் தலைமை தாங்கிய வரைவுக் குழுவின் கை வழியே வந்து, 1950இல் நடைமுறைக்கு வந்த வரி அது. மக்களாட்சிக்குப் பேர்பெற்ற அமெரிக்க நாட்டின் அரசியலமைப்பிலோ அப்படியொரு வரி இல்லை. அங்கே பெண்ணின் சட்டச் சமத்துவம் நீதிமன்றங்களில் அடி அடியாக வாதாடிப் பெறப்பட்டது. அவ்வாதத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர், அடிமையாகப் பிறந்த ஒரு மூதாட்டியின் பேத்தி. பாலி மர்ரே (1910–1985) என்னும் அப்பெண்மணியைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

பால்டிமோர் நகரில் பிறந்த அவர் மூன்று வயதில் தாயை இழந்தார். வடகரோலினா மாநிலத்து டர்ஹம் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்த அத்தையார் எடுத்து வளர்த்தார். (ஓர் ஆசிரியையின் வளர்ப்பு என்பதில் எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.) 1933இல் நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1938இல் வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவர் என்பதனால் இடம் மறுக்கப்பட்டது. அவருடைய பாட்டியை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தார், அதே பல்கலைக்கழகத்துக்கு நிலம் எழுதி வைத்தவர்கள். பாட்டியின் உழைப்பு விளைந்த மண் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றதாயிற்று, பேத்தி ஏற்றவராகவில்லை.

இதற்கெல்லாம் சட்ட ஆதாரம் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. இரு இனத்தாருக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கலாம், இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்றது அது. இரட்டைக் குவளையைக் கண்ட நம்மவர்க்கு இத்தத்துவத்தை விளக்கத் தேவையில்லை. 1940இல் வர்ஜீனியா மாநிலத்தில் பேருந்தின் பின்பகுதியில் உடைந்த இருக்கையில் அமர மறுத்து, மர்ரே தம் தோழியுடன் கைதானார். காந்தியடிகளின் அறப்போர் முறையைப் படித்து அதன்வழி நடக்க முயன்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த நிகழ்ச்சி அவரைச் சட்டப் படிப்பின்பால் ஈர்த்தது. 1941இல் கறுப்பினத்தவரின் உயர்கல்விக்குப் பேர்பெற்ற ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இங்கேதான் எதிர்பாராத அடி விழுந்தது. பெண்கள் ஏன் சட்டம் படிக்க வருகின்றனர் என்று ஒரு பேராசிரியர் முதல் நாளே கேலி பேச, வகுப்பு முழுதும் சிரித்தது. அங்கே இனத் தடை இல்லை. பெண் என்னும் தடை இருந்தது. இன ஒதுக்கல் முறைக்கு அந்நாட்டு வழக்கில் ‘ஜிம் குரோ’ என்று பெயர். அதற்கு ஒரு தங்கை இருப்பதுபோல, பெண்ணை ஒதுக்கும் முறைக்கு ‘ஜேன் குரோ’ என்று மர்ரே பெயரிட்டார்.

1944இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அங்கு முதலிடம் பெறுவோர் உதவித் தொகையுடன் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்குச் செல்வது வழக்கம். ஹார்வர்டு அவரை ஏற்கவில்லை. அது ஆண்களை மட்டுமே சேர்த்துவந்த காலம். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே பரிந்து கடிதம் எழுதியும் பயனில்லை. ஆறாண்டுகள் கழித்து, 1950இல்தான் அக்கல்லூரி பெண்களுக்குத் திறந்தது. ஒரு பல்கலைக்கழகம் நிறத்தைக் காட்டி மறுத்தது. இன்னொன்று பாலைக் காட்டி மறுத்தது. மறுப்புக் கடிதங்கள் இரண்டையும் ஒரே கையில் வாங்கியவருக்கு, இரண்டும் ஒரே நோய் என்பது ஏட்டறிவாக அல்லாமல் பட்டறிவாகவே விளங்கியது.

ஹோவர்டில் மாணவியாக இருந்தபோது, 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பை நேரடியாகவே தகர்க்க வேண்டும் என்று அவர் கூற, உடன் பயின்றோர் நகைத்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அது வீழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டினார். பத்தே ஆண்டுகளில், 1954இல், பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது எனத் தீர்ப்பு வந்தது. வாதாடிய குழுவில் இருந்த ராபின்சன், மாணவியின் அப்பழைய கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்திருந்தார். எழுதியவருக்கோ இது பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

1963இல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் பேரணியின் வரலாற்றை நம் இளைஞர் அறிவர். அப்பேரணியின் முதன்மைப் பேச்சாளர் வரிசையில் பெண் ஒருவரும் இல்லை. பேரணித் தலைவர் ராண்டால்ஃப், பெண் செய்தியாளர்களை மாடத்தில் ஒதுக்கி வைக்கும் பத்திரிகையாளர் மன்றத்தில் உரையாற்ற இசைந்தார். பேருந்தின் பின்னிருக்கைக்கும் அந்த மாடத்துக்கும் என்ன வேறுபாடு என்று மர்ரே எழுத்து மூலமே கண்டித்தார். நம் மன்ற மேடைகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். கோலமிடவும் பந்தி பரிமாறவும் பெண்கள். நாற்காலியில் அமர ஆண்கள். இது சிலருக்குக் கசக்கலாம். வெள்ளிவிழா மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வேலை வழங்குவதில் இன வேற்றுமை கூடாது என்ற பகுதியில் ‘பால்’ என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. சேர்த்தவர் அச்சட்டத்தையே எதிர்த்த ஒரு வர்ஜீனிய உறுப்பினர். மேலவையில் அச்சொல் நீக்கப்படும் நிலை உருவாயிற்று. மர்ரே ஒரு குறிப்பாணை எழுதி அனுப்பினார். அதன் தருக்கம் எளியது: இச்சொல் இல்லையெனில், கறுப்பினப் பெண்ணுக்கு வேலை மறுக்கும் முதலாளி, ‘இனத்துக்காக மறுக்கவில்லை, பெண் என்பதற்காக மறுத்தேன்’ என்று கூறித் தப்பிவிடுவார், சட்டம் காக்க வந்த இனத்தாரில் பாதிப்பேர் வெளியே நிற்பர். சொல் நிலைத்தது.

அதற்கு முன்பே, 1962இல், குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த பெண்கள் நிலை ஆணையத்துக்கு அவர் ஒரு வழி காட்டியிருந்தார். பெண் சமத்துவத்துக்கெனத் தனித் திருத்தம் வேண்டும் என்ற கோரிக்கை 1923 முதல் இழுபறியில் கிடந்தது. அடிமை முறை ஒழிந்தபின் 1868இல் வந்த 14ஆம் திருத்தம், எவர்க்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கலாகாது என்கிறதே. ‘எவர்க்கும்’ என்பதில் பெண் அடங்காளோ என்று கேட்டார் மர்ரே. 1966இல் அலபாமா மாநிலத்தில் கறுப்பினத்தவரையும் பெண்களையும் ஜூரிகளாக விடாத முறையை எதிர்த்து, டாரதி கென்யன் அம்மையாருடன் இணைந்து இவ்வாதத்தை வைத்தார். கூட்டாட்சி நீதிமன்றம் இரு தடைகளையுமே செல்லாதவை என்றது. தனித் திருத்தமோ 1972இல் காங்கிரஸில் நிறைவேறியும், 1982ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெறவில்லை.

உச்ச நீதிமன்றம் அவ்வழிக்கு வந்தது ஒரு தாயின் வழக்கில். இடாஹோ மாநிலத்தில் சேலி ரீட் என்பவரின் மகன் இறந்தான். அவன் விட்டுச் சென்ற சிறு உடைமையை நிருவகிக்கத் தாயும், பிரிந்து வாழ்ந்த தந்தையும் தனித்தனியே விண்ணப்பித்தனர். இருவரும் சம தகுதியுடையோராயின் ஆணையே தேர்க என்பது அம்மாநிலச் சட்டம். இது எங்கோ உள்ள விதி என்று எண்ண வேண்டா. கல்லூரிக் கட்டணம் ஒருவருக்கே கட்ட இயலும் என்றால், மதிப்பெண் பட்டியலைப் பாராமலே மகனைத் தேர்ந்தெடுக்கும் வீடுகளை, தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் நிரம்பக் கண்டிருக்கின்றோம்.

சேலி ரீட்டுக்காக வாதுரை எழுதியவர், பின்னாளில், 1993இல், உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவ்வுரையின் முகப்பில் பாலி மர்ரே, டாரதி கென்யன் ஆகிய இருவர் பெயரையும் அவர் பொறித்தார். இருவரும் அதை எழுதியவர்கள் அல்லர். அவர்கள் நெடுநாள் சொல்லிவந்த வாதத்தையே தாம் எடுத்துரைக்கின்றோம் என்று கருதியதே காரணம். நீதிபதிகள் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளினர். பெண்ணை வேற்றுமைப்படுத்திய சட்டமொன்றை 14ஆம் திருத்தத்தின்கீழ் உச்ச நீதிமன்றம் தள்ளியது அதுவே முதன்முறை. தீர்ப்பு நாள் 1971 நவம்பர் 22. அதற்கு இரு நாள் முன்புதான் மர்ரே அம்மையாருக்கு 61 வயது நிறைந்திருந்தது.