கிராமபோன் ஊசியும் கிட்டப்பாவின் குரலும்

மின்சாரம் எட்டாத நாளிலும் தண்ணீரூற்றுப் போன்ற வன்னிக் கிராமங்களில் இசைத்தட்டு ஒலிக்க வல்லதாயிருந்தது. கையாற் சாவி முறுக்கச் சுருள்வில் தட்டைச் சுழற்றும். ஊசியின் அதிர்வை ஒலிப்பெட்டியிலுள்ள அப்பிரகத் தகடு ஏற்றுக் குழலுக்கு வழங்கும். வில் முறிந்தால் வேறு வில் பூட்டலாம். ஊசி தவறினாலோ தட்டே கெடும். எனினும் கிராமபோனின் வரலாறு கூறுவோர் பாடகரையும் கொம்பனிகளையும் பேசி, ஊசியை மறந்துவிடுகின்றனர்.

78 சுற்றுத் தட்டு அரக்கொடு கற்பொடி கலந்து அழுத்திச் செய்யப்பட்டது. அப்பொடி தட்டுக்கு வலிவு தந்ததோடு, உருக்கு ஊசியின் முனையை முதற் சில சுற்றுக்களிலேயே அராவி, ஒலி பதிந்த வரிப்பள்ளத்துக்கு இயையச் செய்தது. தேய்வதற்கென்றே பிறந்தது அவ்வூசி. ஆதலின் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பதே விதி. ஒரு பக்கம் ஓடுவதோ மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். 200 ஊசி கொண்ட தகரச் சிமிழ் 100 தட்டோடு தீர்ந்துபோம். மிச்சம்பிடிக்க எண்ணியோர் தேய்ந்த ஊசியையே மீண்டும் இட்டனர். உளிபோலான அம்முனை, ஓங்கிப் பாடிய இடங்களையே முதலில் வெட்டியது. சிக்கனத்தின் விலையைப் பாடகர் செலுத்தினர் போலும்!

எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணுக. கே. பி. சுந்தராம்பாளோடு கொழும்பு மேடையில் நடித்து ஈழத்தவர் அறிந்த அவர், பேசும்படம் எதிலும் தோன்றாமலே 1933ஆம் ஆண்டில் 27 வயதில் மறைந்தார். அவருடைய உச்சஸ்தாயிக்கு 78 சுற்றுத் தட்டே சான்று. பிற்காலத்து நாடாக்களும் அத்தட்டுக்களினின்று எடுத்த பிரதிகளே. ஊசி அரித்த சுரத்தை எப்பிரதியும் மீட்டுத் தராது.

மின் ஒலிபெருக்கி பரவியபின் ஒலிப்பெட்டியின் இடத்தைக் கார்ட்ரிட்ஜ் பெற்றது. பளிங்குக் கார்ட்ரிட்ஜினுள் இருந்தது ரொஷெல் உப்பு. ஈரத்தாற் கெடுவதும், ஏறத்தாழ 55 பாகை செல்சியசிற் சிதைவதுமாகிய அப்பொருள் வெப்பநாட்டுத் திருவிழாப் பந்தலுக்கு ஏற்றதன்று. பின்வந்த செரமிக் வகை இக்குறையின் நீங்கியது. அதன்பின் காந்த வகை மேலோங்கிற்று. 1948இல் கொலம்பியா நெடுநேரத் தட்டை வெளியிட்டதும் வேறொரு சிக்கல் தோன்றியது. பழைய தட்டுக்கு வேண்டிய முனையின் ஆரை அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. புதியதற்கு ஒரு பங்கே. நுண்முனையைப் பழைய தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியிற் கிடக்கும் தூசியையே வாசிக்கும்.

2009ஆம் ஆண்டில் முடிந்த போரில் தண்ணீரூற்று மக்கள் வீடுவாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். உயிரைச் சுமப்பதே அரிதாயிருந்த வழியில் உடையுந் தட்டை யார் சுமப்பர்? ஆதலின் எங்கேனும் எஞ்சிய தட்டொன்றை இன்று ஒலிக்கச் செய்பவர் அவசரப்படலாகாது. நீண்டகாலம் கார்ட்ரிட்ஜ் செய்துவந்த அமெரிக்க ஷ்யூர் நிறுவனம் 2018இல் அத்தொழிலை நிறுத்திற்று. எனினும் டென்மார்க்கின் ஓர்ட்டோபோனும் யப்பானின் ஓடியோ டெக்னிக்காவும் 78 சுற்றுக்குரிய காந்தக் கார்ட்ரிட்ஜ்களை ஆக்கியுள்ளன. யப்பானின் ஜிக்கோ, பிறர் கைவிட்ட கார்ட்ரிட்ஜ்களுக்கும் மாற்றூசி செய்கின்றது. மாற்றூசி தேடுவோர் பெட்டியின் பெயரை விடுத்துக் கார்ட்ரிட்ஜின் மேற் பொறித்த இலக்கத்தையே குறித்துக்கொள்ளல் வேண்டும். வைர முனை வாங்கியபின் இடவல ஒலித்தடங்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்தால், மேலுங்கீழுமான அதிர்விற் பிறக்கும் இரைச்சல் பெரிதும் அடங்கும். பக்கவாட்டிற் பதிந்த பாட்டு நிற்கும்.