அப்பா கேட்கல, பையனைக் கூப்பிடு: 4-எச் கிளப் வந்த கதை

1910இல், அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், ஜெர்ரி மூர்னு ஒரு பையன் ஒரே ஒரு ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்தான். நம்ம கணக்கில் சுமார் 58 குவிண்டால். அப்போ அந்த நாட்டோட சராசரியே ஏக்கருக்கு 30 புஷலைத் தொடலை. ஊர்ப் பெரியவங்க முகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

அந்தப் பையன் ஒரு சோளக் கிளப் உறுப்பினர். இந்த மாதிரி கிளப்புகள்தான் பின்னாடி ‘4-எச்’ ஆச்சு. 1902இல் ஒஹாயோவில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளைச் சேர்த்து, மண்ணைச் சோதிக்கவும் விதையைப் பரிசோதிக்கவும் வைத்தார். அயோவாவில் ஜெஸ்ஸி ஃபீல்டும் அதையே செய்தார். நாலிலை முத்திரையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

ஏன் பிள்ளைகள்? கல்லூரிக்காரன் அச்சடிச்சு அனுப்புற துண்டுப் பிரசுரத்தை விவசாயி நம்பலை. பரம்பரையா உழுறவனுக்கு நேத்து வந்தவன் பாடம் எடுக்கிறதா? ஆனா மகனோட ஒரு ஏக்கர், அப்பாவோட வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கு. அறுவடையில் எடை போட்டா வாயடைச்சுப் போகும். பிள்ளைகளைக் கருவியாக்கின தந்திரம் இது, எனக்கு அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. ஆனா பலிச்சது.

பெண் பிள்ளைகள் கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். அதே 1910இல், அதே மாநிலத்தின் ஏய்கன் பகுதியில், மேரி குரோமர் என்ற ஆசிரியை தக்காளிக் கிளப் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு ஏக்கர், அதாவது பத்து சென்ட். விளைஞ்சதை டப்பாவில் அடைச்சு வித்தாங்க. காசு அந்தப் பொண்ணுங்க கைக்கே வந்தது.

1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்து அரசுப் பணம் கிடைச்சது. சிக்கலும் அங்கேதான். தென் மாநிலங்களில் அந்தப் பணம் வெள்ளையர் கல்லூரிகள் வழியாத்தான் போச்சு. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி கிளப், தனி முகாம், குறைஞ்ச பணம், குறைஞ்ச ஆட்கள். பரிசு வாங்குற பழைய படங்களைப் பார்த்தா இது தெரியாது. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகும் அலபாமாவில் விரிவாக்கப் பணித்துறை இழுத்தடிச்சது. 1971இல் ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது.